இந்தப் பக்கம்

பாக்கெட்டில் போட்டிருந்தது:
தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசவும்.
கொருக்குப்பேட்டையில்
எந்தத் தண்ணீர் எப்போது தெளிந்து வந்திருக்கிறது.
பைப்பில் மஞ்சள், லாரியில் குளோரின்.
இரண்டு குடம் தீர்ந்தும்
என் தலையிலிருந்து ராத்திரிதான் ஒழுகிக்கொண்டிருந்தது.

பாதிப் பூச்சில் கரண்டு போய்விட்டது.
போனை வாயில் கவ்விக்கொண்டு
அந்த வெளிச்சத்தில்
பின்னந்தலையைக் கைநிதானமாகப் பூசினேன்.
விளக்கு வந்ததும் கண்ணாடியில்
முடி மட்டும் கச்சிதம், புதுத் தார் ரோடு.
நெற்றியில் பாதியைக் காணோம்.
இரண்டு காதும் இருப்புச்சட்டியின் இரண்டு பிடி.
கழுத்தில் ஐந்து விரல்,
யாரோ நெரித்துவிட்டுப் போனதுபோல.

போன வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட வாசலில்
ஒரு வாண்டு சொன்னது:
"டேய் லித்திஷ், உங்க ஆயா வந்துட்டாங்க."
நாற்பத்து மூன்றில் பெற்றவள் நான்.
ஸ்கேன் சென்டர் பெஞ்சுகளில்
பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து வெளுத்த முடி.
அந்த வாண்டுக்கு இதெல்லாம் தெரியாது.
லித்திஷ் ஒன்றும் சொல்லவில்லை,
என் கையை மட்டும் விட்டுவிட்டு நடந்தான்.
நாளைக்கு ஒன்பதரைக்கு பேரண்ட்ஸ் மீட்டிங்.

எலுமிச்சை மூடியை உப்பில் தொட்டுத் தேய்த்தேன்.
எரிந்தது. போகவில்லை.
மாடி வீட்டு பல்கீஸ் புளித்த தயிர் கொண்டுவந்தாள்,
படியிறங்கும்போதே சிரித்தபடி.
தயிர்தான் கறுத்தது.
இன்னும் ஒரு வெங்காயம் நறுக்கினால் நான் பச்சடி.
ஆப்ப சோடாவைக் குழைத்து அப்பியதில்
ஒரு புருவத்துக்கு மேல் மட்டும்
ஒற்றை ரூபாய் அளவு
நான் திரும்பக் கிடைத்தேன்.

கன்னியப்பன் இரண்டாம் ஷிப்ட் முடிந்து வந்தார்.
துறைமுகத்துக் கிரேன்களுக்கு அடியில்
கிரீஸில் ஊறிய கை.
செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தார்.
சிரிக்கவில்லை, அந்த மனசு பெரிது.
"இன்னாமே, தண்ணிய ஊத்தி ஊத்தியா தேச்ச?
மொதல்ல எண்ண வெய்யி. ஊற வுடு.
அப்பால தொடை, தேய்க்காத."
கரண்டியில் தேங்காய் எண்ணெய் காய்ச்சினார்.
பழைய லுங்கியைக் கிழித்து
நெற்றியில் ஒற்றி ஒற்றி எடுத்தார்.
கறை துணிக்கு வந்தது, பழுப்பாக, மெதுவாக.
வலது காதுக்கு "மண்ணெண்ணெ கொஞ்சம்..." என்றவர்
நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.
அந்தக் காதைப் பிடித்தபடியே
உட்கார்ந்த வாக்கில் தூங்கிப்போனார்.

சத்தத்தில் லித்திஷ் எழுந்துவிட்டான்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
போய்த் தன் பிரஷ்ஷை எடுத்துவந்தான்,
டைனோசர் போட்ட பச்சை பிரஷ்.
அதில் பட்டாணி அளவு பேஸ்ட்,
நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அளவு.
மடியில் ஏறி
என் இடது காதைத் துலக்க ஆரம்பித்தான்.
மேலே பத்து, கீழே பத்து, உள்பக்கம் பத்து.
"துப்பும்மா" என்றான்.
துப்பினேன்.

காலையில் ரயில்வே கேட் போட்டிருந்தான்.
கூட்ஸ் வண்டி, எண்ணித் தீராத பெட்டிகள்.
வெயில் நேராக முகத்தில்.
தண்ணீர் கேன் வண்டிக்காரர்,
ஸ்கூட்டியில் ஒரு பெண், ஐஸ் ஏற்றிய ட்ரை சைக்கிள்,
எல்லோருக்கும் பார்க்க நேரமிருந்தது.
முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினேன்.
காதுக்கு என்ன செய்வது.

ப்ளாரன்ஸ் மிஸ் கணக்கு நோட்டைப் பிரித்துக்கொண்டே
நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே இருந்தார்.
"நீங்க, லித்திஷுக்கு..."
நான் வாய் திறக்குமுன்
அவன் என் தாடையைப் பிடித்துத் திருப்பினான்,
ஜன்னல் வெளிச்சம் இடது காதில் விழும்படி.
"எங்கம்மா மிஸ்.
இந்தப் பக்கம் நான் பண்ணது.
அந்தப் பக்கம் அப்பா.
அது சரியா வரல."